கத்தரிக்கோலுக்குக் கிழக்கு, பெயிண்ட் வாளிக்கு மேற்கு

சங்கரேஸ்வரியை அவளுடைய பாணியிலேயே அறிமுகம் செய்வதுதான் மரியாதை. தென்காசியில், பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஆவண எழுத்தர் முத்துகுமரன் ஆகிய என்னுடைய பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஜன்னலுக்கு மேற்கு, பிரிண்டருக்குக் கிழக்கு, என் மேஜைக்குத் தெற்கு, பார்ட்டிகள் உட்காரும் பெஞ்சுக்கு வடக்கு. இந்த நான்கு எல்லைக்குள் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்து பத்திரம் அடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் தொழிலில் இதை நான்குமால் என்போம். ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதைச் சுற்றி யார் யார் நிலம் இருக்கிறது என்றுதான் எழுதுவோம்.

இந்த இருபத்தாறு வருடத்தில் அவள் அடித்த ஒரு பத்திரத்துக்குக்கூடப் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. பதிவான பத்திரத்தில் ஒரு தகப்பன் பெயரோ ஒரு சர்வே எண்ணோ தப்பாகிவிட்டால், அதைத் திருத்துவதற்கென்றே தனியாக இன்னொரு பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். எங்கள் சந்தில் வருடத்துக்கு நாலு பிழைத்திருத்தல் வாங்காத தட்டச்சுக்காரர் கிடையாது. இவள் மட்டும் பூஜ்யம். அதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு ஞாபகப்படுத்துவாள். நான் ஏதாவது குறை சொல்ல வாயைத் திறந்தால் போதும்.

"அண்ணாச்சி, என் கையால இன்னைக்கு வரைக்கும் ஒரு பிழைத்திருத்தல் வந்திருக்கா? வந்திருந்தா பேசுங்க."

நான் வாயை மூடிக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

வீரகேரளம்புதூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். வந்ததும் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வாள். அடித்து முடித்த பத்திரத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகவும், ஒருமுறை கடைசி வரியிலிருந்து மேலாகவும் படிப்பாள். அந்த இரண்டாவது படிப்பு முடியும்வரை முதலமைச்சரே வந்தாலும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். சீசன் மாதங்களில் வெளியூர்ப் பார்ட்டிகள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நேராகக் கையெழுத்துப் போட வருவார்கள். ஒரு சொட்டு தாளில் விழுந்தால் தீர்ந்தது. "தலையத் துவட்டிட்டு வாங்க, பத்திரம் அருவிக்கு வராது" என்பாள். கோடீஸ்வரன் ஒருவன் அவள் நீட்டிய பழைய துண்டால் பயந்துபோய்த் தலை துவட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தட்டச்சு இயந்திரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய காலத்தில் அவள் ஒரு முடிவு எடுத்தாள். திரையின் மேலே வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் படங்களுக்கு எவனோ வைத்த பெயர்களைப் படிக்க மாட்டாள். இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. இரண்டு மொழியிலும் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணியவள். பெயர் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், இடம்தான் நிச்சயம் என்பது அவள் கொள்கை. ஆக, டூல்பாரை அவள் நிலமாகவே பாவித்தாள். ஒரு சமயம் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவளைப் போனில் பிடித்து, எப்படிப் பிரிண்ட் எடுப்பது என்று கேட்டேன்.

"சேமிக்குத பெட்டிப் படம் தெரியுதா அண்ணாச்சி? அதுக்குக் கிழக்க வாங்க."

"கிழக்குன்னா எந்தப் பக்கம்மா?"

"பத்திரம் எழுதுத ஆளு கேக்குற கேள்வியா இது? உங்க சோத்துக்கை பக்கம். கத்தரிக்கோலுக்கு மேற்க நிக்கணும். கத்தரிக்கோலைத் தாண்டிராதிய."

மந்திரம்போல வேலை செய்தது. அப்போதிருந்து எனக்கு அந்தக் கொள்கையில் ஒரு மரியாதை. வெளியே காட்டிக்கொண்டதில்லை.

போன ஆடியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பக்கத்துக் கடை அகமது கபீர்தான் எங்களுக்கு ரிப்பேர்காரர். உள்ளே திறந்து பார்த்துவிட்டு, சாரல் ஈரம் பலகையைத் தின்றுவிட்டது, இனி பிழைக்காது என்று சொல்லிப் புதிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பழைய கோப்புகள் எல்லாம் பத்திரமாக ஏறிவிட்டன. பத்திரம் அடிக்கும் சாப்ட்வேர் மட்டும் புதுசு. சங்கரேஸ்வரி அதைத் திறந்தாள். வாயிலிருந்த கிராம்பு கீழே விழுந்தது.

"அண்ணாச்சி, யாரோ எல்லைக் கல்லையெல்லாம் பிடுங்கிட்டாவ."

எட்டிப் பார்த்தேன். ஒற்றை வரிசையாக இருந்த படங்களைக் காணோம். மேலே ஏழெட்டுத் தலைப்புகள். ஒவ்வொன்றைத் தொட்டாலும் கீழே வேறு வேறு படங்கள் கூட்டமாக வந்து நின்றன. சில பெரிசு, சில பொடிசு. பிரிண்டர் படம் கண்ணிலேயே படவில்லை. பெட்டிப் படம் எங்கோ உச்சியில், தனிக்குடித்தனம் போன மருமகள் மாதிரி ஒதுங்கி இருந்தது.

"இப்ப எல்லாம் இப்படித்தான்க்கா. நாலு நாளுல பழகிரும்" என்றார் கபீர்.

"பழகுததுக்கு இது என்ன செருப்பா? பழசைப் போடும்."

"பழசு இந்தப் பெட்டியில ஏறாதுக்கா."

எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. பொய் சொல்லுவானேன்? இருபத்தாறு வருடமாக என்னை வாய் திறக்கவிடாதவள் முதல்முறையாக முழிக்கிறாள். அன்று ஒரு கிரயப் பத்திரம் அடிக்க மூன்று மணி நேரம் ஆனது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

"பார்த்தும்மா. முதல் பிழைத்திருத்தல் எட்டிப் பாக்குது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் சாயங்கால டீ ஆறிப்போனது.

மறுநாள் கையில் ஒரு முழு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் பென்சிலும் கொண்டுவந்தாள். டூல்பாரை அளக்க ஆரம்பித்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே திரைமேல் ஸ்கேலை வைத்து அளந்தாள். மேலே உள்ள தலைப்புகளை உட்பிரிவு என்று எழுதினாள், ஒரே சர்வே எண்ணை ஒன்று, இரண்டு என்று பிரித்துக் கொடுப்போமே, அதேபோல. ஒவ்வொரு உட்பிரிவுக்கும் கட்டம் போட்டாள். கட்டத்துக்குள் படங்கள். படங்களுக்கு நான்குமால். இரண்டு நாளில் தாலுகா சர்வேயர் வெட்கப்படும்படி ஒரு புலப்படம் தயாராகிச் சுவரில் ஏறியது.

ஆனால் அந்த நிலம் லேசுப்பட்ட நிலமா? பத்திரத்தில் ஒரு அட்டவணைக்குள் அவள் சொடுக்கியதும், மேலே இல்லாத இரண்டு தலைப்புகள் புதிதாக முளைத்தன. அட்டவணைக்கு வெளியே வந்ததும் மறைந்தன.

"இது ஆக்கிரமிப்பு" என்றாள். "புறம்போக்குல ராவோட ராவா குடிசை போடுதானுவல்லா, அந்தக் கதை." சிவப்புப் பென்சிலால் புலப்படத்தில் கோடு கிழித்தாள்.

கபீர் ஒருநாள் திரையில் எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று ஏதோ மாற்றிவிட்டுப் போனார். படங்கள் பாதி சுருங்கி ஒன்றுக்குள் ஒன்று போய் ஒளிந்துகொண்டன. சந்தின் அந்தக் கோடி வரை கேட்டது அவள் சத்தம்.

"சர்வே பண்ணுன நிலம் சுருங்குமா தம்பி? எந்த ஊர்லயாவது சுருங்குமா?"

பாவம், அவர் ஓடிவந்து பழையபடி வைத்தார்.

இங்கேதான் என் குறும்பு தொடங்குகிறது. சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. "இவ்வளவு அளந்துட்டியே, சொத்து விவரமா எழுதிரு. பிற்காலத்துல வழக்கு வரக்கூடாதுல்லா" என்று சீண்டினேன். அவளுக்கும் அன்று நல்ல மனநிலை. கிராம்பை மென்றுகொண்டே சிரித்துக்கொண்டே அடித்தாள். நான் சத்தமாகப் படித்தேன்: "தென்காசி மாவட்டம், புதுக் கம்ப்யூட்டர் கிராமம், உட்பிரிவு இரண்டில், எழுத்து அளவு மாற்றும் கட்டத்துக்கு நான்குமால். கத்தரிக்கோலுக்குக் கிழக்கு, பெயிண்ட் வாளிக்கு மேற்கு, தலைப்பு வரிசைக்குத் தெற்கு, வெள்ளைத் தாளுக்கு வடக்கு." கபீரும் வந்து படித்து வயிறு வலிக்கச் சிரித்தார். மறுநாள் அவர் கேட்டார் என்று அவள் கத்தரிக்கோலும் பெயிண்ட் வாளியும் வரும் வரியை மட்டும் நகலெடுத்து அவருடைய போனுக்கு அனுப்பினாள். அதைக் கடை வாசலில் ஒட்டப் போவதாகச் சொன்னார்.

அவள் அதை அனுப்பிவிட்டு எழுந்தபோது காலை பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம். அன்று ஆய்க்குடி அய்யாக்குட்டியின் பத்திரம் பதிய வேண்டும். அய்யாக்குட்டி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மாரிச்செல்வி போலீஸில் இருக்கிறாள். மகளுக்கு ஒரு வயலைத் தானமாக எழுதிக் கொடுக்கிறார். பத்திரம் காலையிலேயே அடித்தாயிற்று. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இரண்டு படிப்பும் முடிந்தது. முத்திரைத்தாள் வாங்கிவர அவள் வெளியே போனாள். எங்களுக்கு டோக்கன் பன்னிரண்டுக்கு.

அவள் தலை மறைந்ததும் அய்யாக்குட்டியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, ஒரு சின்ன திருத்தம். மேக்க இருக்க வயலு மாடன் பேருலன்னு சொன்னம்லா? அது இப்ப அவன் மகன் இசக்கி பேருல மாறியிருக்கு. நம்ம சாட்சியா வாரானே, அவந்தான்."

"அதுக்கென்ன, மாத்திருதேன்" என்றேன்.

அவள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் சுவரில் புலப்படம் தொங்குகிறது, நாற்காலி காலியாக இருக்கிறது, எனக்குள் ஒரு அரிப்பு. இத்தனை நாள் அவள் திணறியதை நான் இரண்டு நிமிடத்தில் செய்துகாட்டினால், அந்தப் பூஜ்யக் கணக்கை அப்புறம் என்னிடம் பேசுவாளா? உட்கார்ந்துவிட்டேன்.

சாட்சி இசக்கியின் பெயர் கடைசிப் பக்கத்தில் தயாராக இருந்தது. அதை நகலெடுத்து மாடன் இருக்கும் வரியில் ஒட்டினால் தீர்ந்தது. புலப்படத்தைப் பார்த்தேன். நகல், கத்தரிக்கோலுக்குத் தெற்கு. ஒட்டுவது, கத்தரிக்கோலுக்கு மேற்கு. பெயரைத் தேய்த்துக் கறுப்பாக்கிக் கத்தரிக்கோலுக்குத் தெற்கே அழுத்தினேன். பிறகு மாடன் வரிக்கு வந்தேன். மாடனை மட்டும் தேய்க்கப் பார்த்தால் மவுஸ் வழுக்கி முழு வரியும் கறுப்பாகிவிட்டது. பரவாயில்லை என்று மேற்கே அழுத்தினேன். வரி மாறியது. கண்ணாடி என் மேஜையில் கிடந்தது. கிழக்கு, மேற்கு என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. பெட்டிப் படத்தைத் தேடிப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தேன். அவள் வந்தபோது என் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பதிவு முடிந்ததும் சொல்லி மானத்தை வாங்கலாம் என்று திட்டம்.

கத்தரிக்கோலுக்குத் தெற்கே நான் அழுத்தியது சரியாக விழவே இல்லை என்பதும், மெஷினின் வயிற்றில் அவள் கபீருக்காக நகலெடுத்த வரிதான் அப்படியே இருந்தது என்பதும் பிற்பாடு தெரிந்த சங்கதி.

அவள் பிரிண்ட் எடுத்தாள். இரண்டு முறை படித்ததை மூன்றாவது முறை படிக்க அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? பார்ட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டியது என் கடமை. படித்தேன். அதாவது, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, முப்பது வருடப் பழக்கத்தில், விட்டத்தைப் பார்த்தபடி ஒப்பித்தேன். "மேற்கே இசக்கி வயல்" என்று கணீரென்று சொன்னேன். அய்யாக்குட்டி தலையாட்டினார். பத்திரம் பதிவானது. திட்டப்படி நான் பீற்றிக்கொள்ளப் போகும்போது அடுத்த பார்ட்டி வந்துவிட்டதால் அப்படியே மறந்தும் போனேன்.

இருபது நாள் கழித்து அய்யாக்குட்டி வந்தார். பின்னாலேயே மாரிச்செல்வி, சீருடையில். பெஞ்சில் உட்காரவில்லை.

"இதை எழுதுனது யாரு?"

"நாந்தாம்மா. என்ன விஷயம்?"

"எங்க வயலுக்குப் பக்கத்துல கத்தரிக்கோல் இருக்குன்னு எழுதியிருக்கு. பெயிண்ட் வாளியும் இருக்காம். நேத்து சர்வேயரோட போய்த் தேடிட்டு வாரோம். வாளி யாரு பேருல இருக்கு, எப்ப இருந்து இருக்கு? விவரம் வேணும்."

அய்யாக்குட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார். சிரிக்கிறார் என்று புரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

சங்கரேஸ்வரி பத்திரத்தை வாங்கினாள். அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என் வரிதான்" என்றாள். "நான் அடிச்சதுதான். பிழைத்திருத்தல் போட்டுத் தாரேன்மா. நாளைக்கே பதிஞ்சிரலாம். என் செலவு."

எல்லைகளை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டாள். மேற்கே இப்போது இசக்கி பெயர் என்று அய்யாக்குட்டி சொன்னார். அவர் "அண்ணாச்சிட்ட போன்ல சொன்னனே" என்று ஆரம்பித்தார். நான் பலமாக இருமினேன். அவர்கள் போய்விட்டார்கள்.

அன்று முழுக்க அவள் கிராம்பு போடவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து டூல்பாரில் ஏதேதோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த புலப்படத்தைக் கழற்றி நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை எழுந்தேன். நாலு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். நான் பயந்தாங்கொள்ளி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ளும் வயதா இது, ஐம்பத்தெட்டு!

மறுநாள் காலை பிழைத்திருத்தல் பத்திரம். நான் சொல்லச் சொல்ல அவள் அடிக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒன்றை நான் சொல்லி அவள் அடித்ததில்லை. விரல்கள் வேகமாகத்தான் ஓடின. புதிய டூல்பாரைத் தேடவே இல்லை. வேண்டிய இடத்துக்கு நேராகப் போய் நேராக வந்தாள். நான் ஒப்பித்துக்கொண்டே போய், காரணம் எழுதும் இடத்துக்கு வந்தேன். எல்லாரும் எழுதும் வாசகம் ஒன்று உண்டு. வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது.

"மேற்படி பத்திரத்தில் கிழக்கு, மேற்கு எல்லைகளானவை, தட்டச்சு..."

அதோடு நிறுத்திவிட்டேன். தட்டச்சுப் பிழையாக என்று முடிக்க வேண்டும். முடித்தால் அவள் அதைத் தன் கையாலேயே அடிப்பாள். காலத்துக்கும் பதிவேட்டில் இருக்கும்.

விரல்களை எடுக்காமல் அவள் கேட்டாள்: "தட்டச்சுக்கு அடுத்து என்ன அண்ணாச்சி? சொல்லுங்க."

"இல்லம்மா" என்றேன். "தட்டச்சு இல்ல. நாந்தான். நீ முத்திரைத்தாள் வாங்கப் போனப்ப உன் சேர்ல உக்காந்து நாந்தான் அதைக் கெடுத்தேன். உன் கையில ஒரு பிழையும் இல்ல. என்னை மன்னிச்சிரு."

சொன்னதும் கண் கரித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பதினொண்ணு எட்டு" என்றாள்.

"என்னது?"

"கடைசியா சேமிச்சது பதினொண்ணு எட்டுக்குன்னு முதல் உட்பிரிவுல போட்டிருக்கு. நேத்தே பாத்துட்டேன். பதினொண்ணு எட்டுக்கு நான் முத்திரைத்தாள் வரிசையில நின்னேன். இந்த ரூம்ல வேற யாரு இருந்தா?"

"நேத்தே தெரியுமா? பின்ன ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுதியளான்னு பாத்தேன். நாலு தடவ எந்திரிச்சிய. நாலு தடவையும் தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்துட்டிய. ராத்திரி பூரா எனக்கு உறக்கம் இல்ல, தெரியுமா?"

பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன். நான் சொல்லிக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, அந்த வாக்கியம் முழுசாக அடித்து முடிந்திருந்தது: ஆவண எழுத்தர் முத்துகுமரனின் கவனக்குறைவால். என் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டிருந்தது.